கியூபா ஃபிட்டருக்காக அப்பா எழுதிய மனு

அப்பா எழுதிய மனு தோற்றதே இல்லை என்று ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்லை. ஜெயித்தவற்றைக் கூடத்து அலமாரியில் கண்ணில் படும்படி வைத்திருந்தார். தோற்றவற்றைத் தனி ஃபைலில் போட்டு, பீரோவுக்குள் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

அவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். யூனியனில் பல வருஷம் கிளைச் செயலாளர். வேலைநீக்கம், இன்க்ரிமென்ட் நிறுத்தம், இடமாற்றம் என்று எது வந்தாலும் ஆட்கள் மெட்டுகுடாவில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. "பேரு, ஊரு, ஸ்டாஃப் நம்பர் சொல்லுப்பா. அது இல்லாம எந்த மனுவும் நிக்காது." வந்தவரின் அழுகையும் ஆத்திரமும் அதற்குப் பிறகுதான். ஓய்வு பெற்ற பிறகும் சிலர் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஹைடெக் சிட்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே யூனியனும் கிடையாது, மனுவும் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் பேப்பர் போட்டுவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போவார்கள். அப்பாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை.

நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான். பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அமெரிக்க டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நான்கு வாக்கில் கம்பெனிக்கு வேறு மாதிரி வேலை ஒன்று வந்தது. கியூபாவைவிட்டு வந்து அமெரிக்காவில் குடியேறியவர்களை அங்கே ஒரு பல்கலைக்கழகம் பேசவைத்துப் பதிவு செய்திருந்தது. ஏன் கிளம்பினார்கள், யார் இன்னும் அங்கே ஜெயிலில் இருக்கிறார்கள், அந்த அரசைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் மணிக்கணக்கில் பேசியிருந்தார்கள். ஆங்கிலத்தில் பேசியவர்களின் பதிவுகள் எங்களுக்கு வந்தன. டாக்டர்களின் வேலைக்குத்தான் ராத்திரி ஷிஃப்ட்; இதற்கு அவசரமில்லை என்பதால் பகல் ஷிஃப்ட். பகல் ஷிஃப்டுக்காகத்தான் நான் கையைத் தூக்கினேன்.

கியூபா எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. டெல்லியில் இருந்த ஒரு நட்புறவுக் கமிட்டி வருஷாவருஷம் அனுப்பும் காலண்டர், கூடத்தில் முருகன் படத்துக்கு நேர் எதிரே தொங்கும். சோவியத் உடைந்த பிறகு அந்தத் தீவில் குளிக்க சோப்புக்கூட இல்லை என்று கேள்விப்பட்டு, அப்பா ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று ஆளுக்கொரு சோப்பு சேகரித்தார். வீட்டில் மிச்சமிருந்த மூன்று சோப்பையும் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த மாதம் முழுக்கக் கடலைமாவு தேய்த்துக் குளித்துவிட்டுக் காலேஜுக்குப் போனேன். அந்தத் தீவின் மேல் எனக்கு முதல் கோபம் வந்தது அப்போதுதான்.

எங்கள் வேலையில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பிரதி தயாரிக்க வேண்டும். ஒன்று மூடிய பிரதி. அதில் பேசியவர் சொன்ன எல்லாமும் இருக்கும், தீவில் இன்னும் வாழ்கிற உறவினர்களின் பெயர், ஊர், தெரு உட்பட. அது பல்கலைக்கழகத்தின் பூட்டுக்குள் போய்விடும். இன்னொன்று திறந்த பிரதி. அதில் தீவில் இருப்பவர்களின் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்து மட்டும் நிற்கும். பெயர் வெளியே போனால் அந்த ஆளுக்கு ஆபத்து என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். காகிதம், பேனா, கேமரா ஃபோன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். போகும்போது வாசலில் பையைச் சோதிப்பார்கள்.

அந்தக் குரல்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று தெரிந்தது. அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. பதினேழு வருஷம் ஜெயிலில் இருந்த ஒருவர், அந்தத் தீவோடு உலகத்தில் எவனும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது என்பார். அடுத்த பதிவில் ஒரு செவிலிப்பெண், அந்த வியாபாரத் தடையால் என் அம்மாவுக்கு ஆஸ்துமா மருந்து கிடைக்கவில்லை, அரசுக்கு ஒரு மயிரும் உதிரவில்லை என்பாள். மனித உரிமை என்று ரேடியோவில் கத்துகிற பெரிய மனிதர்களுக்குக் கைதிகள் வேண்டும், கைதிகள் வெளியே வந்துவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு ஏது என்று ஒரு கிழவர் சிரிப்பார். இன்னொருவர் அதே ரேடியோக்காரர்களால்தான் தன் மகன் ஜெயிலில் உயிரோடு இருக்கிறான் என்று அழுவார். ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டதில்லை. எல்லாரையும் கேட்டது பேகம்பேட்டில் உட்கார்ந்திருந்த நான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் அதையெல்லாம் சொல்வேன். சொல்லக்கூடாதுதான். ஆனால் பெயர் இல்லாமல்தானே சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் எனக்கு அப்பாவைச் சீண்ட வேண்டும். அந்தக் காலண்டரைச் சீண்ட வேண்டும்.

"ஓடிப்போனவன் பேச்சும்மா அது," என்பார் அப்பா. "அமெரிக்காக்காரன் சோறு போடறான், அவன் பாட்டு பாடறான். அங்க ஏழைப் புள்ளைங்களுக்குப் படிப்பு இலவசம், வைத்தியம் இலவசம். இங்க ஆஸ்பத்திரியில நம்மளைப் படுத்தற பாடு தெரியாதா உனக்கு?"

"படிப்பு குடுத்துட்டா வாயைத் தைச்சுடலாமா அப்பா?"

"கைக்கு இந்தச் சத்தம்? மெதுவா பேசு." கோபம் வந்தால் அவர் பேச்சில் ஊர் உருது வந்துவிடும்; கைக்கு என்றால் எதற்கு.

அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் ரசத்தை வைத்துவிட்டுப் போவாள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் பதிவு வந்தது. மயாமியில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் மெல்லத் தொண்டையைக் கனைப்பாள். அவளுடைய தம்பி தீவில் இருந்தான். சர்க்கரை ஆலையில் கரும்பு இழுக்கும் ரயில் எஞ்சின்களுக்கு ஃபிட்டர். சுதந்திரமான தேர்தல் கேட்டு யாரோ கொண்டுவந்த ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டான். வேலை போயிற்று. ஒருநாள் அரசின் தெருக் கமிட்டிக்காரர்கள் பக்கத்து வீட்டு ஆட்களையே கூட்டிவந்து வாசலில் நின்று, அவன் அம்மாவின் காது கேட்க, துரோகி துரோகி என்று கத்தவைத்தார்கள். கத்தியவர்களில் அவன் கூடப் படித்தவனும் இருந்தான்.

"அவனை இன்னும் பிடிக்கவில்லை. சும்மா விட்டுவைத்திருக்கிறார்கள்," என்றாள் அவள். "வெளிநாட்டில் அவனுக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பிடிப்பார்கள். அதனால்தான் இந்தப் பெயரை மூடி வைக்கச் சொல்கிறேன்."

கஷ்டமான வருஷங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொன்னாள். எங்கிருந்தோ வெளிநாட்டுச் சோப்பு வந்ததாம். எந்த நாடு என்று தெரியாது. அவள் அம்மா அதை நூலால் நான்காக அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாளாம். மணம் போய்விடக்கூடாதென்று தம்பி தன் துண்டை எஞ்சின் கிரீஸ் கழுவக்கூட எடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தானாம்.

அன்று சாயங்காலம் நான் சண்டைக்குப் போகவில்லை. சோப்பைப் பற்றி மட்டும் சொன்னேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அது நம்ம சோப்பும்மா," என்றார். "நிச்சயமா நம்மளுது." அம்மாவைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார். எங்கள் வீட்டுச் சோப்பு எத்தனையோ ஆயிரம் மைல் தாண்டி ஒரு ஃபிட்டரின் தலையணைக்கு அடியில் இருந்தது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. அந்த மலர்ச்சியை அப்படியே விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அந்த ஃபிட்டரைத்தான் ஒரு கையெழுத்துக்காக வேலையவிட்டு எடுத்தாங்க," என்றேன். மிச்சத்தையும் சொன்னேன்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சார்ஜ்‌ஷீட் குடுத்தானா? இன்க்வயரி வெச்சானா?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்படி இருக்காதும்மா. தொழிலாளி அரசாங்கத்துல ஒரு ஃபிட்டரை அப்படி எடுக்க முடியாது. இது கட்டுக்கதை. பேரில்லாத சாட்சி ஒரு சாட்சியா? எந்த இன்க்வயரி ஆபீசரும் இதை ஏத்துக்க மாட்டான். பேரு என்ன? ஊரு என்ன? சொல்லு பார்ப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு. தொழிலாளர்களின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கும் அதிகாரிகள் எப்படிச் சிரிப்பார்கள் என்று அவரே எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார், அதே சிரிப்பு. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. அந்தப் பெயரை, பதிவை நிறுத்தி ஓட்டும் கால் பெடலை மிதித்து மிதித்து முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். வாசலில் பையைத்தான் சோதிப்பார்கள், தலையைச் சோதிக்க மாட்டார்கள். டெலிபோன் டைரியில் ஒரு தாளைக் கிழித்து, பெயர், ஊர், தெரு, வீட்டு எண், ஆலையின் பெயர் எல்லாவற்றையும் எழுதி அவர் முன்னால் வீசினேன்.

"இந்தாங்க உங்க சாட்சி. ஸ்டாஃப் நம்பர் மட்டும்தான் இல்ல."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் படித்தார். மறுபடி படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரை வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு திருப்தி. தாளைத் திரும்ப வாங்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் வீடு அமைதியாக இருந்தது. அப்பா ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தார். ஃபேமிலி பென்ஷன் வராத யாராவது ஒரு விதவைக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு கார்பன் பிரதி. அதன் மேல் ரிஜிஸ்டர் தபாலின் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு குத்தியிருந்தது, டெல்லி நட்புறவுக் கமிட்டியின் சீலோடு.

"படிச்சுப் பாரும்மா. உங்கப்பனுக்கு நியாயம் தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தே இல்ல?"

அது ஒரு மனு. அப்பாவின் ஆங்கிலத்தில், அப்பாவின் வரிசையில். பொருள்: ஃபிட்டர் ஒருவரைச் சட்டவிரோதமாக வேலையிலிருந்து நீக்கியது குறித்து. அதற்கடியில் முழுப் பெயர். ஊர். தெரு. வீட்டு எண். ஆலை. கையெழுத்துப் போட்டதற்காக ஒரு தொழிலாளியைத் தண்டிப்பது நம் லட்சியத்துக்கு அழகல்ல, விசாரணையின்றி நீக்கியது இயற்கை நீதிக்கு விரோதம், அவருடைய சகோதரி அமெரிக்காவில் கண்ணீரோடு இருக்கிறார், தோழர்கள் இதைத் தகுந்த இடத்துக்குப் பரிந்துரையோடு அனுப்பி, கருணையோடு மறுபரிசீலனை செய்ய ஆவன செய்ய வேண்டும். கடைசியில் அப்பாவின் கையெழுத்து. அதன் கீழே 'ஃபிட்டர், ஓய்வு'.

நல்ல மனு. அப்பா எழுதியதிலேயே நல்லது என்றுகூடச் சொல்லலாம். கியூபா காலண்டரை மாட்டிய மனிதர் அந்தக் காலண்டரை எதிர்த்து எழுதியது. அதை எழுத அவருக்கு எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்று என் கண்ணில் பட்டது அந்த வீட்டு எண் மட்டும்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க அப்பா? அந்தப் பேர் வெளிய போகக்கூடாது. போனா அவனைப் பிடிச்சுடுவாங்க. அக்கா அமெரிக்காவுல இருக்கறதை வேற எழுதி வெச்சிருக்கீங்க!"

"வெளிய எங்கம்மா போச்சு? நம்ம ஆளுங்களுக்குத்தான எழுதியிருக்கேன்." அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "மேல இருக்கறவனுக்குத் தெரியாமக் கீழ இருக்கறவன் பண்ற அக்கிரமமா இருக்கும். பேரை மறைச்சு வெச்சா யாருக்கு என்ன நியாயம் கெடைக்கும்? முப்பது வருஷமா நான் இப்படித்தான் வாங்கிக் குடுத்திருக்கேன்."

அவர் மனு எழுதிய எந்த மேலதிகாரியும் மனுப் போட்டவனை ஜெயிலில் தள்ளியதில்லை. எங்கள் வீட்டுக்கு ஜெயில் வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் மனுவால் அல்ல. அதை அம்மாதான் நினைவுபடுத்தினாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எழுபத்து நாலுல உங்க பேரையும் நம்ம ஆளுதான எழுதிக் குடுத்தான்."

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ரயில்வே ஸ்டிரைக்கின்போது அப்பா நாச்சாரத்தில் ஒரு நண்பர் வீட்டில் மறைந்திருந்தார். யூனியனிலேயே இருந்த, அடுத்த பிளாக்கில் குடியிருந்த ஒருவர் அந்த வீட்டின் விலாசத்தைப் போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா ஜெயிலுக்குப் போனார். வேலையும் போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி அம்மாவின் பாத்திரங்களைத் தெருவில் வைத்தார்கள். ஒரு வயசுக் குழந்தையான நான் அதில் ஓர் அண்டாவுக்குள் உட்கார்ந்து விளையாடினேனாம். மூன்று வருஷம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது. எழுதிக் கொடுத்தவரைத் தெருவில் கண்டால் அப்பா அதன் பிறகு எதிர்ப்பக்கம் போய்விடுவார். முப்பது வருஷமாக அப்படித்தான்.

அப்பா கார்பன் பிரதியை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு ஃபோனுக்குப் போய் டெல்லிக்குப் பேசினார். கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், மேலே அனுப்ப வேண்டாம் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் ரொம்ப உற்சாகமாகப் பேசியது எனக்கே கேட்டது. அருமையான கடிதம் தோழரே, போன வாரமே பரிந்துரையோடு அனுப்பிவிட்டோம்.

ஃபோனை வைத்துவிட்டு அப்பா என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா பேரைக் குடுத்தே," என்றார்.

உண்மைதான். அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கம்பெனியில் சொல்லியிருக்கலாம், பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போயிருக்கும், அவர்கள் அந்தப் பெண்ணை எச்சரித்திருப்பார்கள். தினமும் டீம் லீடரின் மேஜையைத் தாண்டித்தான் போனேன். வேலை போய்விடும் என்ற பயம். வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது என்ற பயம். அதை வேறு பெயரிட்டு அழைக்க எனக்கு இன்றைக்கும் வார்த்தை இல்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.

அப்பா அதன் பிறகு தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றார். பதில் எதுவும் வரவில்லை. பதில் வராத மனுவுக்கு முப்பது நாளில் ஒரு நினைவூட்டல் அனுப்புவது அவர் வழக்கம். அந்த முப்பதாவது நாள் டைப்ரைட்டர் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், "நக்கோ, வேணாம், எழுதலம்மா," என்று மூடியைப் போட்டு மூடினார்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் இரண்டாவது பதிவு வந்தது. பதிவுகளுக்கு எண்தான் இருக்கும். யாருக்கு எது வரும் என்று தெரியாது. பெடலை மிதித்தவுடன் அந்தத் தொண்டைக் கனைப்பு கேட்டது. காலை எடுத்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வேறு யாருக்காவது தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு உட்கார்ந்து மிதித்தேன்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். விசாரணையில் முதல் கேள்வியே, இந்தியாவில் உனக்கு யாரைத் தெரியும் என்பதுதானாம்.

"இந்தியாவா?" என்று கேட்டான் பேட்டி எடுத்த பையன்.

"ஆமாம், இந்தியா." அவள் கொஞ்சம் சிரித்தாள். "எங்களுக்கு இந்தியாவில் யாரையும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அவர்கள் நம்பவில்லை. மேஜையில் ஒரு டைப் அடித்த கடிதத்தை வைத்தார்களாம். அதில் அவன் பெயர், வீட்டு எண் எல்லாம் இருந்ததாம். வெளிநாட்டோடு தொடர்பு என்று சொல்லி ஆறு வருஷம் கொடுத்துவிட்டார்கள்."

என் விரல்கள் தம்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. அந்த வேலையில் அது ஒரு சாபம், அழுதுகொண்டே நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கலாம். சரியாகக் கேட்காத இடத்தில் கோடு போட்டு விடலாம் என்று ஒரு விதி உண்டு. இந்தியா என்ற சொல் வரும் இடத்தில் கோடு போடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் சரிபார்க்கிறவர் கோடு போட்ட இடத்தைத்தான் முதலில் கேட்பார். ஒழுங்காக அடித்தேன்.

பேட்டியின் கடைசியில் அவள் இன்னொன்றும் சொன்னாள். ஜெயிலுக்குப் பார்க்கப் போன அம்மாவிடம் தம்பி சொன்னதாம். அந்தக் கடிதத்தை ஸ்பானிஷில் மாற்றி அவனுக்கு வாசித்துக் காட்டினார்களாம். "எழுதியவன் பெயர் நீளமாக இருந்தது, நினைவில் நிற்கவில்லை. ஆனால் கீழே ஃபிட்டர், ஓய்வு என்று இருந்தது. அம்மா, உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு ஃபிட்டர் எனக்காக எழுதியிருக்கிறான். இங்கே என் கூட வேலை பார்த்தவன் ஒருத்தன்கூட எழுதவில்லை. அவனுக்கு நன்றி சொல்ல வழி இருந்தால் சொல்லச் சொல்லு."

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யாரிடம் போய்ச் சொல்வது?" என்றாள். பதிவு முடிந்தது.

சரிபார்த்த தெலுங்குக்காரப் பெண், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவள், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எவடோ மனவாடே!" என்றாள். யாரோ நம்ம ஆளுதான் என்று அர்த்தம். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னேன். ஆறு வருஷம். முதல் கேள்வி இந்தியா. மேஜையில் உங்கள் கடிதம். ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஆணி அடிப்பதுபோல. 'நீதானம்மா பேரைக் குடுத்தே' என்ற வாக்கியம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் அனுபவிக்கட்டும் என்று இருந்தது. கடைசியில் அவன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். மதியம்வரை வரவில்லை. எங்கே போயிருந்தார் என்று அம்மா கேட்டதற்கு, முப்பது வருஷமாக முகம் பார்க்காத அந்த மனிதரின் பெயரைச் சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே போட்டாள்.

"அவன் வீட்டுக்கா? என்ன பேசினீங்க?"

"இத்தினி வருஷம் நீ எப்படிடா தூங்கினேன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"தூங்கலன்னான். டீ குடுத்தான். குடிச்சுட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு அப்பா யாருக்கும் மனு எழுதவில்லை. வந்தவர்களை வக்கீலிடம் அனுப்பினார். டைப்ரைட்டர் ரிப்பன் காய்ந்து போயிற்று. கியூபா காலண்டர் டிசம்பரோடு முடிந்தது. அடுத்த வருஷத்துக் காலண்டர் குழாய் மாதிரி சுருட்டியபடியே அலமாரி மேல் கிடந்தது. டிவியில் அந்தத் தீவின் பெயர் வந்தால் எழுந்து உள்ளே போவார். நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பலமுறை வாய்வரை வந்தது. சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? நாள் ஆக ஆக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது, நான் சின்னதாகிக்கொண்டே போனேன். அந்தக் கம்பெனியையும் விட்டு மாதாப்பூரில் வேறு வேலைக்குப் போனேன். ஒரு மே மாதத்து மத்தியானத்தில், நான் ஆபீஸில் இருக்கும்போது, அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அம்மா பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துக் கொடுத்தபோது அடியில் அந்த ஃபைல் இருந்தது. தோற்ற மனுக்கள். நான் நினைத்ததைவிடக் குறைவுதான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கார்பன் பிரதி, அதே அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோடு. ஓரத்தில் பென்சிலால், அவருடைய சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார்: 'ஆறு வருஷம். என்னால்.'

தேதியை எண்ணிப் பார்த்தேன். அந்த ஃபிட்டர் அந்நேரம் வெளியே வந்திருக்க வேண்டும், உயிரோடு இருந்திருந்தால். எனக்கு அவன் பெயர் தெரியும், ஊர் தெரியும், வீட்டு எண் தெரியும். இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவனுக்கு எழுத எனக்குத் தைரியம் கிடையாது.

காகிதத்தின் அடிப்பகுதியில் கார்பன் கொஞ்சம் மங்கியிருந்தது. அப்பாவின் நீளமான பெயர் பாதி அழிந்துபோயிருந்தது. அதன் கீழே 'ஃபிட்டர், ஓய்வு' என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடீ அது?" என்று கேட்டாள். ஜெயிலில் அந்த மனிதன் சொன்னதை அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன், முழுசாக. அவள் கேட்டு முடித்துவிட்டுக் கார்பன் பிரதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதை அவர்கிட்ட சொன்னியா?" என்றாள்.